‘வேண்டாம்’ என்பதும் ஒரு பதில்தான்: சுரங்க நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1963ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வேல்ஸ் நாட்டின் ஆபர்வான் என்னும் சுரங்க ஊரைக் குறித்து நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் எழுதப்பட்டது. பான்ட்கிளாஸ் பள்ளிகளின் பின்புறம் கொட்டப்படும் நிலக்கரிச் சேற்றினால் உள்ள ஆபத்து என்பதே அதன் பொருள் வரி. சேறு நீர்த்துப்போய் இருக்கிறது, சரிவோ மிகச் செங்குத்தானது, ஆகவே மழைக்காலத்தில் அது நின்ற இடத்தில் நிற்காது என்று அந்தக் கடிதம் எச்சரித்தது. எச்சரிக்கை, அந்தச் சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கடிதப் போக்குவரத்து நடந்தது, கோப்பு தடித்தது, கழிவு கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் நாள் காலை, பள்ளி தொடங்கிய சிறிது நேரத்தில், ஏழாம் எண் கழிவுமேடு சரிந்து ஊருக்குள் இறங்கியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். மேட்டின் அடியில் ஊற்றுகள் இருந்தது முன்பு அறியப்படாத செய்தி என்று வாரியத்தின் தலைவர் அப்போது கூறினார். ஊராருக்கு அது தெரியும். நிலப்படங்களிலும் அந்த ஊற்றுகள் குறிக்கப்பட்டிருந்தன.

அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதையைத் தங்களிடம் எடுத்துவருவதற்குக் காரணம் உண்டு. அன்று தொட்டு இன்றுவரை, சுரங்கத்துக்குக் கீழே வாழ்பவர்கள் மேலே இருப்பவர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மனுவாக, தீர்மானமாக, வாக்குச்சீட்டாக, சாலை மறியலாக, வழக்காக அந்த எழுத்து பல வடிவம் எடுத்திருக்கிறது. அவற்றில் எத்தனை தங்கள் மேசைக்கு வந்தன, வந்தவை எந்தத் தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன என்பதே இந்த மடலின் பொருள். நான் சுரங்கத்தின் அருகில் வாழ்பவன் அல்லன். என் கையிலுள்ள பேசியிலும் வீட்டு மின்கம்பியிலும் தாங்கள் தோண்டி எடுத்த செம்பு இருக்கிறது என்பதை மறைத்துக்கொண்டு இதை எழுதவும் இல்லை. அந்தச் செம்புக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்று கேட்கும் கடமை அதைப் பயன்படுத்துகிறவனுக்கும் உண்டு என்பதாலேயே எழுதுகிறேன்.

தங்கள் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் மக்கள் எதிர்ப்பு பெரும்பாலும் ‘சமூக அபாயம்’ என்னும் பகுதியில் இடம்பெறுகிறது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம், வரிச் சட்ட மாற்றம், வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் அது நிற்கும். இந்த வகைப்பாட்டிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. மக்கள் திட்டத்துக்கு அபாயம் என்று அந்தப் பகுதி சொல்கிறது. திட்டம் மக்களுக்கு என்ன அபாயம் என்பதை நேரில் கண்டு சொல்பவர்களும் அதே மக்கள்தாம் என்பதை அது பதிவு செய்வதில்லை. பொறியியல் பகுதியில் இருக்க வேண்டிய தகவல் மக்கள் தொடர்புப் பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே அதற்குக் கிடைக்கும் மருந்து ஒரு விளம்பரக் கையேடும் ஒரு விளையாட்டு மைதானமும்தான்.

இத்தகைய எதிர்ப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைத் தாங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. கொடியும் முழக்கமும் பிறகு வருபவை. முதலில் வருவது ஒரு சந்தேகம். ஓடையின் அடிக்கல்லில் துருப்பிடித்த நிறம் படிகிறது. கிணற்று நீரின் சுவை மாறுகிறது. மேய்ந்துவிட்டு வரும் ஆடு நோய்ப்படுகிறது. காயப்போட்ட துணியில் தூசி அப்புகிறது. இவற்றை முதலில் காண்பவர்கள் தண்ணீர் எடுப்பவர்களும் துணி துவைப்பவர்களும் குழந்தையைக் குளிப்பாட்டுபவர்களும்தாம், அதாவது பெரும்பாலும் பெண்கள். பிறகு யாரோ ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதத் தொடங்குகிறார். இன்னொருவர் போத்தலில் நீரை எடுத்து நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். அறிக்கை வந்ததும் ஊர் கூடுகிறது. உலகின் எந்த மூலையை எடுத்துக்கொண்டாலும் வரிசை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்துக்கும் தங்கள் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கும் இடையே முரண்பாடு எழும்போது, எது நிபுணத்துவம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அறிக்கையை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவரிடமே இருக்கிறது.

அந்த அறிக்கைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பது சோதித்துப் பார்க்கப்படாத விஷயம் அல்ல. அமெரிக்காவில் 25 உலோகச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டு, அனுமதி பெறும்போது நீரின் தரம் குறித்துச் சொல்லப்பட்டதையும் பின்னர் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளியானது. அந்தச் சுரங்கங்களில் 76 சதவீதம் நீர்த்தர வரம்புகளை மீறியிருந்தன. வலுவான சட்டங்களும் கண்காணிப்பு அமைப்புகளும் உள்ள நாட்டின் நிலை இது. இதன் வேதியியல் ஒன்றும் புதிரானது அல்ல. பூமிக்குள் மூடிக்கிடந்த இரும்பு சல்ஃபைடு கனிமம், பாறை உடைக்கப்பட்டதும் காற்றையும் நீரையும் சந்திக்கிறது. கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள ஆர்செனிக், காட்மியம், ஈயம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடையில் கலக்கிறது. ஒருமுறை தொடங்கிய இந்த வினை, சுரங்கத்தை மூடிய தேதியைப் பார்த்து நிற்பதில்லை. பல தலைமுறைகளுக்கு நீளக்கூடியது. ஸ்பெயினில் சுரங்க நிறுவனம் ஒன்றுக்கே பெயர் கொடுத்த ரியோ டின்டோ ஆறு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த தோண்டலின் பின்னணியோடு, இன்றும் செந்நிற அமில நீராக ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டு ஆயுள் கொண்ட ஒரு சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது, அதைவிட நெடுங்காலம் நிலைக்கும் விளைவைக் குறித்துக் கேள்வி கேட்பவரை ‘வளர்ச்சிக்கு எதிரானவர்’ என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

பாப்புவா நியூகினியின் ஓக் டெடி சுரங்கத்தில், சுரங்கச் சேற்றைத் தேக்கிவைப்பதற்கான கழிவு அணை 1984ஆம் ஆண்டு கட்டுமானத்தின்போதே நிலச்சரிவில் அழிந்தது. மாற்று அணை கட்டப்படாமலேயே சுரங்கம் இயங்க அனுமதிக்கப்பட்டது. கழிவு நேராக ஆற்றுக்குப் போனது. ஆற்றங்கரை மக்கள் 1994இல் கடல் கடந்து மெல்பர்ன் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அந்தச் சுரங்கம் தன் சுற்றுச்சூழல் விழுமியங்களோடு ஒத்துப்போகாத ஒன்று என்று அதை நடத்திய பி.எச்.பி. நிறுவனம் ஒப்புக்கொண்டது 1999இல். மீன் செத்து மிதப்பதைக் கண்டவர்களுக்கும் ஆய்வாளர்களின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் இடையே இருந்தது அந்த ஐந்தாண்டு மட்டும் அல்ல. அதற்கு முந்தைய பத்தாண்டும் சேர்த்துத்தான் கணக்கு.

பிரேசிலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மரியானா நகருக்கு அருகே, வாலே, பி.எச்.பி. ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு உடைமையான சமார்கோவின் ஃபுண்டாவ் கழிவு அணை 2015 நவம்பர் 5ஆம் நாள் உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். பென்டோ ரோட்ரிகஸ் என்னும் ஊர் சேற்றுக்குள் போனது. சேறு டோசி ஆற்றின் வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லான்டிக் கடலைத் தொட்டது. அந்த ஊரில் அபாயச் சங்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு பெண் தன் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனதால் பலர் மேட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தார்கள். பல கோடி டன் சேற்றைத் தேக்கிவைக்கும் கட்டுமானத்துக்குக் கீழே இருந்த எச்சரிக்கை அமைப்பு, அன்று, அந்த ஒரு பெண்தான்.

பாடம் கற்றாயிற்று என்று பிறகு சொல்லப்பட்டது. அதே மாநிலத்தில், புருமாடின்யோ என்னும் ஊருக்கு அருகிலுள்ள வாலேயின் சுரங்க வளாகத்தை விரிவுபடுத்தும் உரிமம் 2018 டிசம்பரில் மாநிலச் சுற்றுச்சூழல் மன்றத்தின் முன் வந்தது. வட்டார மக்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். மன்றத்தில் மக்கள் அமைப்புகளின் சார்பில் அமர்ந்திருந்த ஒரு பிரதிநிதி மட்டும் எதிர்த்து வாக்களித்தார். உரிமம் வழங்கப்பட்டது. அந்த வளாகத்தின் பழைய கழிவு அணைக்கு அதே ஆண்டில்தான் நிலைப்புத்தன்மைச் சான்றிதழும் கிடைத்திருந்தது. ஏழு வாரம்கூட முடியவில்லை. 2019 ஜனவரி 25ஆம் நாள் மதிய உணவு நேரத்தில் அந்த அணை உடைந்தது. அணைக்கு நேர் கீழே நிறுவனத்தின் அலுவலகமும் பணியாளர் உணவகமும் இருந்தன. 270 பேர் இறந்தார்கள். கருவிலிருந்த இரு சிசுக்களையும் சேர்த்து 272 என்றே குடும்பத்தினர் எண்ணுகிறார்கள். அணை எந்தத் தேதியில் உடையும் என்று அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்குக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்ட வாக்கு அதுதான். அது எண்ணிக்கையில் தோற்றது.

சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது என்று பதில் வருவதும் வழக்கம். 2020 மே 24ஆம் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ நிறுவனம் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தபோதும் சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. 2013லேயே அரசின் அனுமதி பெறப்பட்டிருந்தது. மனிதர் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே புழங்கிய தடயம் உள்ள இடம் அது. அங்கு கிடைத்த, சுமார் 4,000 ஆண்டு பழைமையான முடிப் பின்னல் ஒன்று, இன்றும் அந்த மண்ணுக்கு உரிமை பாராட்டும் பூட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களின் முன்னோருடையது என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்திருந்தது. அனுமதிக்குப் பிந்தைய அகழாய்வில் இந்தச் சிறப்பு முழுமையாக வெளிப்பட்ட பிறகும், அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. முதலீட்டாளர்கள் சினந்த பிறகு தலைமை நிர்வாகி பதவி விலகினார். குகை திரும்பவில்லை.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் கேட்கிறீர்களா என்பதைப் போலவே முக்கியமானது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த போகன்வில் தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியில் இறங்குகிறது. பங்குனா செம்புச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்பட்ட காலத்தில், ஆஸ்திரேலியாவின் ஆட்சியிலிருந்த அந்தத் தீவில், அதிகாரிகள் பேச்சு நடத்தியதோ ஆண்களோடு. 1969இல் ரோரோவானா ஊரின் பெண்கள் அளவைக் கல் நடவந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். காவல்துறை அவர்களைத் தடியும் கண்ணீர்ப்புகையும் கொண்டு அகற்றியது. சுரங்கம் 1972 முதல் 1989 வரை இயங்கியது. நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆறுகளில் இறங்கியது. அந்தப் பெண்களின் எதிர்ப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டு கழித்து வந்தது ஆயுதக் கிளர்ச்சி, சுரங்கம் மூடப்பட்டது, தொடர்ந்த உள்நாட்டுப் போரில் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர்வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. போருக்குக் காரணங்கள் பல உண்டு. ஒற்றைக் காரணம் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆயினும், நிலத்துக்கு உரியவர்களை விட்டுவிட்டு வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கிய நாள் அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் இருக்கிறது.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய சொல்லுக்கு வருகிறேன். ‘வேண்டாம்’ என்னும் சொல் அது.

ஒப்புதல் பெறுவது பற்றித் தங்கள் துறையில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், சுதந்திரமாகவும் முன்கூட்டியும் முழுத் தகவலுடனும் பெறப்படும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. அந்தச் சொற்றொடர் தங்கள் கொள்கை ஆவணங்களிலும் ஏறிவிட்டது. ஆனால் நடைமுறையில் ஒப்புதல் என்பது ‘ஆம்’ என்னும் ஒரே விடை உள்ள தேர்வாக நடத்தப்படுகிறது. ‘ஆம்’ வரும்வரை கூட்டம் மீண்டும் மீண்டும் கூட்டப்படுகிறது. ‘ஆம்’ வந்த மறுநாளே அது நிரந்தரமாகிவிடுகிறது.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்ற கேள்வியை, 2013 ஏப்ரல் 18ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. மலைச்சரிவில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும், மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, ஆயுதக் காவலர் சுற்றி நிற்க, டோங்ரியா கோந்த் மக்களும் அவர்களோடு வாழும் பிறரும் ஒவ்வொரு ஊராகக் கூடிப் பேசினார்கள். 12 ஊர்களும் மறுத்தன. தங்கள் தெய்வமான நியாம்ராஜா குடியிருக்கும் மலை அது என்றார்கள். அந்த மலையே தங்கள் ஓடைகளைச் சுரக்கிறது என்றும் சொன்னார்கள். முதல் வாக்கியத்தை நம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் இரண்டாவதை நீரியல் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. 2014இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 2016இல், கிராம சபைகளை மறுபடியும் கூட்ட வேண்டும் என்று மாநிலத் தரப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் ஒருமித்த பதிலுக்குக் காலாவதித் தேதி வந்துவிட்டதாக ஒரு தரப்பு கருதியிருக்கிறது.

தென் அமெரிக்காவிலும் இதே நிலைதான். பெருவின் தம்போகிராண்டே ஊரில் தங்கப் படிவம் ஊருக்கு அடியிலேயே இருந்தது. சுற்றிலும் எலுமிச்சைத் தோப்புகளும் மாந்தோப்புகளும். 2002 ஜூன் 2ஆம் நாள் ஊராட்சியே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சுரங்கத்தை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் எஸ்கெல் நகரம் 81 சதவீத வாக்குகளால் அதையே செய்தது. கொலம்பியாவின் கஹமார்க்கா நகராட்சியில் 2017 மார்ச் 26ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் மறுப்பு 97 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், நிலத்தடி வளம் அரசுக்கு உரியது, ஆகவே இத்தகைய வாக்கெடுப்பால் சுரங்கத்தைத் தடை செய்ய இயலாது என்று தீர்ப்பளித்தது. மேல்மண் ஊருக்கு, அடிமண் தலைநகருக்கு என்று நிலத்தைக் கிடைமட்டமாக அறுத்துப் பங்கிடும் இந்தச் சட்டக் கோட்பாடு, ஊற்றுநீர் எந்தப் பங்கில் வரும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எல் சால்வடோர் 2017இல் உலோகச் சுரங்கத் தொழிலையே தடை செய்த முதல் நாடு ஆனது. அதற்கு முன்பு, உரிமம் கிடைக்காத நிறுவனம் ஒன்று பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் 25 கோடி டாலர் கேட்டு அந்த ஏழை நாட்டின்மீது வழக்குத் தொடுத்து, 2016இல் தோற்று, 80 லட்சம் டாலர் செலவுத்தொகை கொடுக்குமாறு உத்தரவும் பெற்றது. அவ்வளவு போராடிப் பெற்ற தடையை 2024 டிசம்பரில் அந்நாட்டுச் சட்டமன்றமே நீக்கிவிட்டது. நிறுவனத்துக்கு ஒருமுறை வென்றால் போதும். மக்கள் ஒவ்வொரு முறையும் வென்றாக வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் நான் அறியாதவன் அல்லன். பாதிக்கப்படும் ஊர் ஒற்றைக் குரலில் பேசுவதில்லை. வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல விலை வந்தால் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணும் முதியவர்கள் இருக்கிறார்கள். சுரங்கம் மூடினால் அடுப்பு எரியாது என்னும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் கைக்கூலிகள் என்று இகழும் போராட்டக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மின்வாகனமும் காற்றாலையும் செம்பும் லித்தியமும் நிக்கலும் இல்லாமல் வராது என்பதும் உண்மை. அந்த உண்மையே கேள்வியைக் கூர்மையாக்குகிறது. ஆற்றல் மாற்றத்துக்குத் தேவையான கனிமங்களுக்கான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் 54 சதவீதம் பழங்குடி மக்களின் நிலத்திலோ அதன் அருகிலோ இருப்பதைக் காட்டியது. வெப்பமாதலுக்கு மிகக் குறைவாகக் காரணமானவர்களின் நிலத்தில்தான் அதற்கான மருந்தையும் தோண்டப்போகிறோம் என்றால், கேட்கும் முறையிலாவது நேர்மை வேண்டாமா? ஊர் பிளவுபட்டிருக்கிறது என்பதும் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. பிளவு பல இடங்களில் தங்கள் நிறுவனத்தின் வருகைக்குப் பிறகு உண்டானது. சில இடங்களில் தங்கள் பணத்தால் உண்டாக்கப்பட்டது.

எதிர்த்துப் பேசியவர்களுக்கு நேர்ந்ததை ஒரு பத்தியில் அடக்குவது எளிதல்ல. நிலத்தையும் சூழலையும் காக்க முயன்று 2023இல் உலகெங்கும் கொல்லப்பட்டவர்கள் 196 பேர் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு பதிவு செய்தது. தொழில்துறையோடு தொடர்புபடுத்த முடிந்த கொலைகளில் அதிகமானவை, 25, சுரங்கத் துறை தொடர்புடையவை. தம்போகிராண்டேயில் வாக்கெடுப்புக்கு ஓராண்டுக்கு முன்பே, எதிர்ப்பின் முன்னணியில் நின்ற கோதோஃப்ரேதோ கார்சியா பாகா சுட்டுக் கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்காவின் ஷோலோபெனி கடற்கரையில் டைட்டானியம் சுரங்கத்தை எதிர்த்த அமதிபா நெருக்கடிக் குழுவின் தலைவர் சிகோசிபி ரதெபே 2016 மார்ச் 22ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மக்கள் தொடுத்த வழக்கில், அவர்களின் முழுமையான, தகவலறிந்த ஒப்புதல் இல்லாமல் உரிமம் வழங்க முடியாது என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கொலைகளைத் தங்கள் யார்மீதும் நான் சுமத்தவில்லை. ஒரு திட்டத்தின் பெயரால் ஊரில் துப்பாக்கி வெடிக்கும்போது, அத்திட்டத்தை நடத்த விரும்புகிறவர் வாய் திறக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். துப்பாக்கி வேண்டாத வழியும் இருக்கிறது. விமர்சித்த வழக்கறிஞர்கள்மீதும் ஊர்க்காரர்கள்மீதும் ஆயுள் முழுதும் சம்பாதித்தாலும் கட்ட முடியாத தொகைக்கு அவதூறு வழக்குப் போடுவது அது. இப்படி வாயடைக்கப் போடப்படும் வழக்குகளை எதிர்கொள்ளத் தற்காப்பு உண்டு என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் ஏற்றது, சுரங்க நிறுவனங்கள் தொடுத்த வழக்கில்தான்.

இலாப நட்டக் கணக்கில் பேசினால்தான் விளங்கும் என்றால், அதுவும் இருக்கிறது. 300 கோடி முதல் 500 கோடி டாலர்வரை முதலீடு கொண்ட பெருஞ்சுரங்கம் ஒன்று மக்களோடு ஏற்பட்ட மோதலால் தாமதமாகும்போது வாரத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் இழக்கக்கூடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பனாமாவின் கோப்ரே பனாமா சுரங்கம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்தது; 2023 அக்டோபரில் அவசரமாக நிறைவேற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டத்துக்கு எதிராக வாரக்கணக்கில் தெருக்கள் நிரம்பின; நவம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதில் எத்தனையில் ஒரு பங்கு என்று தங்கள் நிதிப் பிரிவே கணக்கிட்டுக்கொள்ளட்டும். இந்த வாதத்தை நான் விரும்பி வைக்கவில்லை. மலிவாக இருந்தால்தான் நியாயமாக நடப்போம் என்பது கேட்கவே சிறுமையாக இருக்கிறது.

தாங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதத் தெரியாதவர்களும் அல்லர். புருமாடின்யோ பேரழிவுக்குப் பிறகு, 2019இல், இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும் சுவீடனின் ஓய்வூதிய நிதிகளின் அறநெறிக் குழுவும் முன்னின்று சுமார் 700 நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பின. தங்கள் கழிவு அணைகள் எங்கே உள்ளன, எவ்வளவு உயரம், எம்முறையில் கட்டப்பட்டவை, உடைந்தால் யாருக்குச் சேதம் என்று அது கேட்டது. ஊரார் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கிடைக்காத விவரங்கள், சில மாதங்களில் நிறுவனங்களின் இணையதளங்களில் ஏறின. 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தரநிலையும் வந்தது. ஆகவே தகவல் இருந்திருக்கிறது, சொல்ல வழியும் இருந்திருக்கிறது. கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் வந்திருக்கிறது.

எனவே தங்களிடம் கேட்பவை இவை. திட்ட வட்டாரத்தில் வாழ்பவர்களிடமிருந்து வரும் ஒவ்வோர் எச்சரிக்கையும், கீழ்நிலை அதிகாரிகளின் சுருக்கவுரையாக மாறாமல், எழுதியவரின் சொற்களிலேயே இயக்குநர் குழுவின் கூட்டத்துக்கு வர வேண்டும்; அதற்கு எழுத்தில், அவர்கள் பேசும் மொழியில், குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும்; கடிதமும் பதிலும் வெளியிடப்பட வேண்டும். முதல் துளையிடுவதற்கு முன்பே நீரும் மண்ணும் காற்றும் எந்நிலையில் உள்ளன என்று ஊரார் தேர்ந்தெடுக்கும் ஆய்வுக்கூடம் அளந்து, அந்தத் தரவை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தொடக்க அளவு இல்லாததால்தான் பிற்காலத்தில் ‘இந்த நஞ்சு இயற்கையாகவே இங்கு இருந்தது’ என்னும் வாதம் நீதிமன்றங்களில் நிற்கிறது. ஒப்புதல், கனிமத் தேடல் தொடங்கும் முன்பே கேட்கப்பட வேண்டும்; மரபுப்படி நிலத்துக்கு உரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்; பதில் ‘வேண்டாம்’ என்றால் குறைந்தது ஒரு தலைமுறைக்காலம் அந்தக் கேள்வியோடு தங்கள் ஆட்கள் அங்கே போகக் கூடாது. விமர்சகர்கள்மீதுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். மூடிய பின் சீர்செய்வதற்கான முழுத் தொகையைத் தொடங்கும் முன்பே பொது நிறுவனமொன்றில் வைப்பாகக் கட்ட வேண்டும். சாம்பியாவின் கப்வே ஈயச் சுரங்கம் 1994இல் மூடப்பட்டது; இன்றும் அந்த ஊர்க் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது; அதைத் தோண்டி விற்ற காலத்து உரிமையாளர்கள் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள்.

இவற்றுள் எதையும் ஏற்க இயலாது என்று தாங்கள் முடிவு செய்தாலும், ஒரு கேள்விக்கு மட்டும் வெளிப்படையாகப் பதில் தருமாறு வேண்டுகிறேன். தங்கள் நிறுவனத்தின் கழிவு அணைகளுக்கும் கழிவுமேடுகளுக்கும் கீழே வாழ்பவர்களிடமிருந்து கடந்த 12 மாதங்களில் எத்தனை கடிதங்கள் வந்தன. அவற்றில் எத்தனை இந்தக் குழுவின் மேசைக்கு எந்தத் தேதியில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் எழுதப்பட்டது?

பதிலை எதிர்நோக்கி,
தங்கள் செம்பைப் பயன்படுத்தும் ஒருவன்